புகார் கொடுத்தா டீம்ல இருப்பேனா?

விளையாட்டில் பயிற்சியாளராலோ அதிகாரியாலோ துன்புறுத்தப்பட்டவர்களுக்காக வழக்காடுவதுதான் பல வருடங்களாக என் வேலையில் பெரும்பகுதி. பாலியல் அத்துமீறல், அடி, எடையைச் சொல்லி எல்லார் முன்னாலும் அவமானப்படுத்துவது, காயத்தோடு ஓட வைப்பது என்று வரும் விஷயங்கள் ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் எதிரில் வந்து உட்காரும் பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக ஒன்றுதான்: "புகார் கொடுத்தா என்னை டீம்ல வச்சிருப்பாங்களா மேடம்?" அவருக்கு என்ன தண்டனை கிடைக்கும் என்பதெல்லாம் அப்புறம்தான் வரும். சில பேர் அதைக் கேட்பதே இல்லை.

இந்தக் கேள்வியைப் பல வக்கீல்கள் தட்டிக்கழித்துவிடுகிறார்கள். முதலில் கேஸைப் பார்ப்போம், விளையாட்டை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடே கிடையாது. ஆபீஸில் தொல்லை என்றால், கஷ்டப்பட்டாவது வேறு வேலை தேட முடியும். ஒரு நீச்சல் வீராங்கனைக்கு நாட்டில் இருப்பது ஒரே ஃபெடரேஷன், ஒரே தேசிய முகாம், ஒரே தேர்வுக் குழு. யார் மேல் புகாரோ அவர் கையில்தான் பட்டியலும் இருக்கிறது, இல்லையென்றால் அவருக்கு வேண்டியவர் கையில் இருக்கிறது. பத்து வயதிலிருந்து உழைத்தவள் பத்தொன்பது வயதில் ஒரு சீசனை இழந்தால், தீர்ப்பு எவ்வளவு சாதகமாக வந்தாலும் அந்த சீசனைக் கோர்ட்டால் திருப்பித் தர முடியாது. அதனால் பட்டியலுக்கும் அந்த ஆளுக்கும் இருக்கும் தொடர்பை முதலில் அறுக்க வேண்டும், மற்ற சட்ட வேலையெல்லாம் அதற்குப் பின்னால்தான். இத்தனை வருடத்தில் எனக்கு உறுதிப்பட்டது இதுதான்.

நடைமுறையில் இது எப்படி என்றால், புகார் போகும் அதே நாளில் கூடவே இன்னொரு கடிதமும் போக வேண்டும். விசாரணை முடியும் வரை அவர் தேர்வுக் குழுவில் உட்காரக் கூடாது, முகாமுக்குள் வரக் கூடாது, புகார் கொடுத்தவரின் உதவித்தொகை, தங்கும் அறை, பிசியோ எல்லாம் முன்பு இருந்தபடியே தொடர வேண்டும், தேர்வில் பெயர் விடுபட்டால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும் என்று அதில் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். இடைக்கால நடவடிக்கை என்று பல விளையாட்டு அமைப்புகளின் விதிகளிலேயே இதற்கு இடம் உண்டு, ஆனால் கேட்காமல் யாரும் தருவதில்லை. கேட்டாலும் பல இடங்களில் முதலில் வரும் பதில், "உன் நல்லதுக்குத்தான் சொல்றோம், கொஞ்ச நாள் வீட்டுல இரும்மா" என்பதாக இருக்கும். அக்கறை மாதிரிதான் தெரியும். அதற்கு ஒத்துக்கொள்ளாதீர்கள். வெளியே போக வேண்டியவர் யார் மேல் புகார் இருக்கிறதோ அவர், கொடுத்தவர் இல்லை. பயிற்சி நின்ற மூன்றாவது மாதம் "ஃபார்ம் போயிடுச்சு" என்று சொல்லித்தான் பெயரை எடுப்பார்கள்.

பழிவாங்கலை நிரூபிக்க வேண்டிய நாள் வரும் என்று எண்ணியே தொடங்குங்கள். புகாருக்கு முந்தைய ஒரு வருடத்து நேரங்கள், தரவரிசை, உடற்தகுதி மதிப்பெண்கள், யார் யாரோடு எத்தனையாவதாக வந்தார் என்பதையெல்லாம் ஒரே தாளில் எழுதித் தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டு வையுங்கள். என்னிடம் வந்த ஒரு ஓட்டக்காரி தேர்வுப் போட்டியில் இரண்டாவதாக வந்தும் பட்டியலில் பெயர் இல்லை. கேட்டால் "ஆட்டிட்யூட் சரியில்லை" என்று வாய்மொழியாகச் சொன்னார்கள். அதையே எழுத்தில் கொடுங்கள் என்று அந்தத் தாளை இணைத்துக் கடிதம் போட்டோம். பதில் கடிதம் வரவே இல்லை, திருத்திய பட்டியல் மட்டும் வந்தது, அதில் அவள் பெயர் இருந்தது.

சரி, ஆதாரத்துக்கு வருவோம். "நாலு சுவத்துக்குள்ள நடந்தது, என்கிட்ட ஒண்ணுமே இல்லையே" என்றுதான் எல்லாரும் ஆரம்பிப்பார்கள். உண்மையில் விளையாட்டு வீரர்களைப் போல வாழ்க்கை முழுக்கப் பதிவாகிக்கிடப்பவர்கள் குறைவு. டிரெயினிங் டைரி, கையில் கட்டும் வாட்ச்சின் ஜிபிஎஸ் பதிவு, முகாமில் அறை ஒதுக்கிய பட்டியல், பயண டிக்கெட், எடை பார்த்த ரிஜிஸ்டர், பிசியோவின் குறிப்பேடு, போட்டி முடிவுகள் எல்லாம் எங்கேயாவது கிடக்கும். ஊக்கமருந்துச் சோதனைக்கான பட்டியலில் இருக்கும் உயர்நிலை வீரர்களுக்கு இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு இரவும் எந்த முகவரியில் தங்குகிறார்கள், தினமும் எந்த 60 நிமிடம் எங்கே கிடைப்பார்கள் என்பதை அவர்களே முன்கூட்டிப் பதிவு செய்தாக வேண்டும். ஊக்கமருந்தைப் பிடிக்க வந்த ஏற்பாடுதான், ஆனால் "அந்த வாரம் அவள் என் ஊரிலேயே இல்லை" என்று எதிர்த்தரப்பு சொல்லும்போது அந்தப் பழைய பதிவு பேசும்.

ஒரு டைரியை இன்றும் என்னால் மறக்க முடியவில்லை. கோடு போட்ட நோட்டு, பக்கத்துக்கு ஒரு நாள். காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு, எடை, எத்தனை செட், எவ்வளவு ஓய்வு என்று நீல மையில் அடுக்கி அடுக்கி எழுதியிருந்தாள். ஒரு வெளியூர்ப் போட்டி முடிந்த மறுநாளிலிருந்து ஓய்வு நேரத்துக்கான கட்டம் காலி. அதற்குப் பின் வரும் பக்கங்களில், வலது ஓரத்தில், மிகச் சின்ன எழுத்தில், "தூக்கம் 2 மணி", "தூக்கம் 3 மணி" என்று மட்டும் இருந்தது. நாடித்துடிப்பு எண்ணும் ஏறிக்கொண்டே போனது. என்ன நடந்தது என்று ஒரு வரிகூட அதில் கிடையாது, ஆனால் அவள் சொன்ன தேதியோடு அந்த எண்கள் பிசகாமல் பொருந்தின.

தென் கொரியாவின் ஸ்பீட் ஸ்கேட்டிங் வீராங்கனை ஷிம் சுக்-ஹீ 2019-ல் தன் முன்னாள் பயிற்சியாளர் மேல் வெளிப்படையாகப் பாலியல் வன்கொடுமைக் குற்றம் சாட்டியபோது, அவர் அவ்வப்போது எழுதி வைத்திருந்த குறிப்புகள் விசாரணைக்குப் பெரிதும் உதவின. அந்தப் பயிற்சியாளருக்கு 2021 ஜனவரியில் பத்தரை ஆண்டு, மேல்முறையீட்டில் 13 ஆண்டு என்று தண்டனை ஆனது. அமெரிக்காவில் சிகிச்சை என்ற பெயரில் பாலியல் அத்துமீறல் செய்துவந்த ஜிம்னாஸ்டிக்ஸ் அணி மருத்துவர் லாரி நாசர் மேல் பெயரோடு முதலில் வெளியே வந்து பேசிய ரேச்சல் டென்ஹோலாண்டர் 2016-ல் போலீஸுக்குப் போகும்போது சும்மா போகவில்லை. பல வருடத்துக்கு முன் ஒரு நர்ஸிடம் அவர் இதைச் சொன்னபோது அங்கே பதிவான மருத்துவக் குறிப்பையும், உண்மையான சிகிச்சை எப்படி இருக்கும் என்று காட்டும் மருத்துவக் கட்டுரைகளையும் ஃபைலாகக் கட்டி எடுத்துப்போனார். அவர் சட்டம் படித்தவர். எல்லாருக்கும் அந்தப் பயிற்சி இருக்காது, அதனால்தான் கூட ஒரு ஆள் வேண்டும் என்கிறேன். அன்றைக்கு யாரிடம் சொன்னீர்கள், தோழியிடமா, டாக்டரிடமா, அம்மாவிடமா, அவர்களுக்கு அனுப்பிய மெசேஜ் இன்னும் இருக்கிறதா என்று பொறுமையாகக் கேட்கக்கூடிய ஆள்.

போன் விஷயத்தில் கறாராக இருங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது, அது போலி என்று சொல்லிவிடுவது சுலபம். மெசேஜ் வந்த அதே போனை அப்படியே வைத்திருங்கள், பேக்கப் எடுங்கள், அசிங்கமாக இருக்கிறதே என்று எதையும் அழிக்காதீர்கள், நீங்கள் அனுப்பிய பதில்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். "ஓகே சார்", "தேங்க்யூ சார்" என்று பதில் போட்டிருப்பதைப் பார்த்து நிறைய பேர் கூசிப்போகிறார்கள். அந்த ஆளின் கையில் உங்கள் வருங்காலம் இருந்தபோது வேறு என்ன பதில் போட்டிருக்க முடியும்? அதை நீதிபதிக்கு விளக்குவது எங்கள் வேலை. ரகசியமாகக் குரல் பதிவு செய்வது பற்றி மட்டும் உங்கள் ஊர்ச் சட்டத்தைக் கேட்டுவிட்டுச் செய்யுங்கள், சில நாடுகளில் அதுவே குற்றம்.

வாக்குமூலம் எடுக்கும்போது தேதியைக் கேட்டு நச்சரிப்பதை நான் விட்டுவிட்டேன். விளையாடுகிறவர்களின் நினைவு காலண்டரில் ஓடுவதில்லை, சீசனில் ஓடுகிறது. "ஜூனியர் மீட்டுக்கு முன்னாடி", "எனக்குத் தசைநார் கிழிஞ்ச வருஷம்", "புது ஷூ வந்தப்ப" என்றுதான் வரும். அந்த அடையாளங்களை முதலில் கோத்துவிட்டு, அப்புறம் போட்டி அட்டவணையை வைத்து நாமே தேதி போட்டுக்கொள்ளலாம். ஒரே விஷயத்தை முதலில் கிளப், பிறகு சங்கம், பிறகு போலீஸ் என்று பல வாய்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்ல விடாதீர்கள். அவளுக்கு அது வதை. தவிர, ஒவ்வொரு முறையும் வார்த்தை சற்று மாறும், அந்த மாற்றத்தை வைத்தே குறுக்கு விசாரணையில் கிழிப்பார்கள்.

எங்கே புகார் கொடுப்பது என்பதில் நிறைய குழப்பம் இருக்கிறது. பொதுவாக மூன்று வழி. போலீஸ் வழியாகக் குற்ற வழக்கு, விளையாட்டு அமைப்பின் ஒழுங்கு நடவடிக்கை, இழப்பீடு கேட்டு உரிமையியல் வழக்கு. மூன்றுக்கும் நிரூபிக்க வேண்டிய அளவு வேறு. குற்ற வழக்கில் சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், மற்ற இரண்டிலும் அவ்வளவு தேவையில்லை. அதனால் குற்ற வழக்கில் விடுதலையாகி வந்தவர் மேல்கூட ஒழுங்கு நடவடிக்கை நிற்கலாம், "கோர்ட்டே விட்டுவிட்டது" என்று சங்கம் கைகழுவினால் நம்பாதீர்கள். பாதிக்கப்பட்டவர் சிறார் என்றால் தேர்ந்தெடுக்கவே இடமில்லை, போலீஸ்தான் முதலில். இந்தியாவின் போக்சோ சட்டம், தெரிந்தும் சொல்லாமல் இருப்பதையே குற்றமாக்கியிருக்கிறது. அமெரிக்காவிலும் 2018-ல் வந்த சட்டப்படி ஒலிம்பிக் விளையாட்டு அமைப்புகளைச் சேர்ந்த பெரியவர்கள் சிறார் மீதான பாலியல் கொடுமையை 24 மணி நேரத்துக்குள் தெரிவித்தாக வேண்டும். உங்கள் நாட்டுச் சட்டத்தை வரி வரியாகப் படித்தால் எதிர்பாராத இடத்தில் கைப்பிடி கிடைக்கும். இந்தியாவின் 2013-ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் பணியிடம் என்பதற்குள் ஸ்டேடியமும் விளையாட்டுப் பயிற்சி நிறுவனமும் போட்டி நடக்கும் இடமும் வெளிப்படையாகவே எழுதப்பட்டிருக்கின்றன. ஆனால் புகாருக்கு மூன்று மாதக் கெடு, தாமதத்துக்குக் காரணம் இருக்கிறது என்று விசாரணைக் குழு ஏற்றால் இன்னொரு மூன்று மாதம், அதைத் தவறவிடக் கூடாது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 16, 17 வயதுப் பிள்ளைகளோடு அவர்களுடைய விளையாட்டுப் பயிற்சியாளர் பாலுறவு கொள்வது 2022-ல்தான் குற்றமானது, அதுவரை ஆசிரியர்களுக்கு இருந்த தடை கோச்சுகளுக்கு இல்லை.

போலீஸ் பதிவு செய்ய மறுத்தால் மனம் உடையாதீர்கள், அடுத்த படிக்குப் போங்கள். 2023 ஜனவரியில் தங்கள் ஃபெடரேஷன் தலைவர் மேல் பாலியல் புகார் சொல்லி இந்திய மல்யுத்த வீராங்கனைகள் தெருவில் உட்கார்ந்தார்கள். ஒலிம்பிக் பதக்கம் வாங்கிய சாக்‌ஷி மாலிக்கும், உலகச் சாம்பியன்ஷிப் பதக்கம் வாங்கிய வினேஷ் போகட்டும் அதில் இருந்தார்கள். அப்படியும் உச்ச நீதிமன்றத்துக்குப் போன பிறகு, ஏப்ரல் கடைசியில்தான் எஃப்ஐஆர் பதிவானது. அவர்களுக்கே இந்த நிலைமை என்றால், மாவட்ட அளவில் ஓடும் ஒரு பெண்ணுக்கு மேலதிகாரிக்கும் மாஜிஸ்திரேட்டுக்கும் மனு எழுதிக் கொடுக்க ஒரு வக்கீல் எவ்வளவு தேவை என்று யோசித்துப் பாருங்கள்.

உள் விசாரணை என்று சொன்னதும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். யார் நியமித்தது, அறிக்கை யாருக்குப் போகும், உங்களுக்கு நகல் உண்டா, குழுவில் வெளி ஆள் இருக்கிறாரா என்று கேட்டுப் பதிலை எழுத்தில் வாங்குங்கள். நாசர் மேல் 2014-லேயே அவர் வேலை பார்த்த பல்கலைக்கழகத்தில் ஒரு பெண் புகார் கொடுத்தார். விசாரித்தவர்கள் கருத்துக் கேட்ட மருத்துவர்கள் அதே பல்கலைக்கழகத்தோடு தொடர்புடையவர்கள். அது சிகிச்சைதான் என்று முடித்து அவரைத் திரும்ப வேலைக்கு அனுப்பிவிட்டார்கள். 2015 ஜூலையில் எஃப்பிஐக்குத் தகவல் போன பிறகும் ஒரு வருடத்துக்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. அந்த இடைவெளியில் மட்டும் சுமார் 70 பேரோ அதற்கு மேலோ பாதிக்கப்பட்டதாக 2021-ல் வந்த அரசு ஆய்வறிக்கையே சொல்கிறது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஒரு கடிதத்துக்கு ஒப்புகை வாங்கி, பதினைந்து நாளுக்கு ஒருமுறை "என்ன ஆச்சு" என்று எழுத்தில் கேட்டுக்கொண்டே இருக்க ஓர் ஆள் இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

தனியாகப் புகார் கொடுக்கப் பயந்தால் கூட்டாகக் கொடுங்கள். ஜப்பானில் ஒரு ஜூடோ வீராங்கனை அடித்து உதைக்கும் பயிற்சியாளர் மேல் ஃபெடரேஷனுக்குத் தெரியப்படுத்தியபோது எச்சரிக்கையோடு விட்டுவிட்டார்கள். பிறகு 2012 கடைசியில் 15 வீராங்கனைகள் சேர்ந்து ஒலிம்பிக் கமிட்டிக்கே போனார்கள், வெளியே பெயர் சொல்லாமல் வக்கீல்கள் மூலமாகத்தான் பேசினார்கள். சில வாரங்களில் அந்தத் தலைமைப் பயிற்சியாளர் பதவி விலகினார்.

இழப்பீட்டு வழக்கில் எல்லாரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கோச் செய்ததற்கு கிளப் பொறுப்பா? இங்கிலாந்தில் கால்பந்துப் பயிற்சியாளர் பாரி பென்னல் சிறுவர்களைச் சீரழித்ததற்காக 2018-ல் 30 ஆண்டு சிறைத் தண்டனை பெற்றார். ஆனால் எட்டு ஆண்கள் மான்செஸ்டர் சிட்டி கிளப் மேல் போட்ட வழக்கு 2022-ல் தோற்றது. நடந்தது நடக்கவில்லை என்று நீதிபதி சொல்லவில்லை. ஆனால் அவர் கிளப்பின் ஊழியர் மாதிரியான நிலையில் இல்லை, வழக்கும் காலம் கடந்து வந்தது என்றார். ஆகவே கோச் யார் சம்பளத்தில் இருந்தார், யார் டி-ஷர்ட் போட்டிருந்தார், முகாமுக்கு அழைத்த கடிதம் யார் பெயரில் வந்தது, பெற்றோர் பணம் கட்டிய ரசீதில் எந்தப் பெயர் இருந்தது என்பதை முதல் வாரத்திலேயே தேடி எடுத்து வையுங்கள். பழைய குரூப் போட்டோவின் பின்னால் இருக்கும் பேனர்கூட உதவும். காலவரம்பு நாட்டுக்கு நாடு, வழக்குக்கு வழக்கு மாறும் என்பதால், "ரொம்ப நாளாச்சு, இனி முடியாது" என்று நீங்களாகவே முடிவு கட்டாதீர்கள். பல இடங்களில் சிறு வயதில் நடந்தவற்றுக்குக் காலவரம்பைத் தளர்த்தியிருக்கிறார்கள் அல்லது எடுத்தே விட்டார்கள்.

இங்கே ஆண்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். பையன்களும் வருகிறார்கள். பெண்களைவிடத் தாமதமாக, பல சமயம் தங்களுக்குக் குழந்தை பிறந்த பிறகு வருகிறார்கள். அவர்களை "அப்பவே ஏன் சொல்லல" என்று கேட்காதீர்கள்.

சமரசத் தொகை வரும்போது கூடவே வாய்ப்பூட்டு ஒப்பந்தமும் வரும். நாசரால் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவரான, ஒலிம்பிக் தங்கம் வென்ற அமெரிக்க ஜிம்னாஸ்ட் மெக்கேலா மரோனி 2016-ல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, தனக்கு நடந்ததைப் பேசினால் அவரே ஒரு லட்சம் டாலருக்கு மேல் கட்ட வேண்டிய நிலைமை இருந்தது. அதை எதிர்த்து அவர் வழக்குப் போட்டு, ஊரே கொதித்த பிறகுதான் ஜிம்னாஸ்டிக்ஸ் ஃபெடரேஷன் பணம் கேட்க மாட்டோம் என்றது. நான் சொல்வது, தொகையை வேண்டுமானால் ரகசியமாக வைத்துக்கொள்ளச் சம்மதியுங்கள், நடந்ததைச் சொல்லும் உரிமையை விற்காதீர்கள். குறைந்தபட்சம் போலீஸ், மருத்துவர், மனநல ஆலோசகர், குடும்பம், வேறு விளையாட்டு அமைப்புகள் ஆகியோரிடம் பேசத் தடையில்லை என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள்.

வழக்கு நடக்கும் காலத்தில் ஆளைக் கவனியுங்கள். தென் கொரிய டிரையத்லான் வீராங்கனை சோய் சுக்-ஹியோன் பல அலுவலகங்களில் புகார் கொடுத்தும் யாரும் உரிய நேரத்தில் நடவடிக்கை எடுக்காத நிலையில் 2020 ஜூனில், 22 வயதில், தன் உயிரை மாய்த்துக்கொண்டார். விசாரணைத் தேதிக்கு முந்தைய இரவும் அது முடிந்த அன்று மாலையும் யார் கூட இருப்பார்கள் என்று நான் முன்கூட்டியே கேட்டு எழுதிக்கொள்வேன். உயிரை விட்டுவிடத் தோன்றுகிறதா என்று நேராகவே கேட்பேன், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. அப்படித் தோன்றுகிறது என்றால் கேஸ் நிற்கட்டும், அன்றே மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், தனியாக விடாதீர்கள்.

பத்திரிகைக்குப் பேசுவதா என்று கேட்பார்கள். சில வழக்குகள் பத்திரிகையால்தான் நகர்ந்தன, மறுக்கவில்லை. ஆனால் முகமும் பெயரும் ஒருமுறை வெளியே போனால் திரும்ப உள்ளே வராது, அதனால் அந்த முடிவு அவளுடையதாக மட்டும் இருக்கட்டும், பெற்றோருடையதாகவோ என்னுடையதாகவோ இருக்கக் கூடாது. சோஷியல் மீடியாவில் பெயர் போட்டு எழுதுவதற்கு முன் புகாரை உரிய இடத்தில் பதிவு செய்துவிடுங்கள், அவதூறு வழக்கு வந்தால் அது கவசம்.

கடைசியாக, உத்தரவு கைக்கு வந்ததும் எல்லாரும் ஓய்ந்துவிடுகிறார்கள். அங்கேதான் ஆள் தப்புகிறார். ஒரு சங்கம் தடை செய்தவர் பக்கத்து மாநிலத்திலோ, வேறு விளையாட்டிலோ, ஏதாவது ஒரு பள்ளியிலோ மறுபடி விசிலோடு நிற்பதை நானே பார்த்திருக்கிறேன். அமெரிக்காவில் விளையாட்டுத் துறைத் துன்புறுத்தல் புகார்களை விசாரிக்கும் சேஃப்ஸ்போர்ட் மையம், தடை செய்யப்பட்டவர்களின் பட்டியலை யாரும் தேடிப் பார்க்கும்படி இணையத்தில் வைத்திருக்கிறது, அந்த மாதிரி வசதி எல்லா இடத்திலும் இல்லை. ஆகவே சான்றிட்ட நகல் வாங்கி, பாதிக்கப்பட்டவர் பெயரை மறைத்து, உத்தரவின் விதிகள் இடம் தரும் வரைக்கும் மாநிலச் சங்கம், தேசிய ஃபெடரேஷன், சர்வதேச ஃபெடரேஷன், ஒலிம்பிக் கமிட்டி, அவருக்குச் சான்றிதழ் கொடுத்த அமைப்பு எல்லாருக்கும் அனுப்புங்கள். உங்கள் பதிவேட்டில் இதை ஏற்றிவிட்டீர்களா என்று கேட்டு, பதில் வரும் வரை விடாதீர்கள்.